ஆன்லைன் விற்பனை: வரி கட்ட வேண்டியவர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜிஎஸ்டி முழுவதையும் ஆன்லைன் தளமே கட்டிவிடும் என்று சிறு வியாபாரிகள் பலர் நம்புகிறார்கள். ஆபத்தான நம்பிக்கை இது. ₹1,000 சேலைக்கு 5% வரி ₹50. வாடிக்கையாளர் தருவது ₹1,050. அந்த ₹50-க்கு ஜிஎஸ்டிஆர்-3பி-யில் (விற்பவர் தாக்கல் செய்யும் வரிக் கணக்குப் படிவம்) கணக்குக் காட்ட வேண்டியவர் விற்பவரே. விற்பவருக்குத் தர வேண்டிய பணத்திலிருந்து தளம் முன்கூட்டியே வரியாகப் பிடிப்பது (டிசிஎஸ்) வரி நீங்கலான மதிப்பில் 0.5%, அதாவது ₹5 மட்டும். 2024 ஜூலை 10-க்கு முன் அது 1%.

இந்தத் தொகையைத் தளம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-8 என்ற தனது படிவம் வழியாகச் செலுத்தும். ஆனால் ஜிஎஸ்டி போர்ட்டலில் விற்பவர் அதை ஏற்றுத் தாக்கல் செய்தால்தான் அவரது மின்னணு ரொக்கப் பேரேட்டில் (வரி கட்டப் பயன்படும் போர்ட்டல் கணக்கு) வரவாகும். பலர் தவறவிடுவது இங்கேதான். பணம் முடங்கிக் கிடக்கிறது. இந்த 0.5%-ஐக் கணக்கிடும்போது திரும்பி வந்த சரக்கின் மதிப்பைத் தளம் கழித்ததா என்பதையும் மாதந்தோறும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

– வரி ஆலோசகர், ஈரோடு