மாதிரிகளைக் கொட்டிவிடாதீர்கள்: ஐசிஎம்ஆருக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், கொரோனா வைரஸின் மரபணு மாற்றங்களைக் கண்காணிக்கும் இன்சாகாக் ஆய்வகங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவன். உடல் அதை ஏற்க மறுத்துவிடாமலிருக்க டாக்ரோலிமஸும் மைக்கோஃபெனோலேட்டும் தினமும் விழுங்குகிறேன். அதாவது, என் நோய் எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு நானே அடக்கி வைத்திருக்கிறேன். எங்களைப் போன்றோருக்குக் கொரோனா வந்தால் சிலருக்கு மாதக்கணக்கில் போகாது. எனக்கும் எளிதில் போகவில்லை. ஒவ்வொரு முறையும் மூக்கில் குச்சி விட்டார்கள்; 'பாசிட்டிவ்' என்று ஒரு தாள் தந்தார்கள்; மாதிரியைக் கொட்டிவிட்டார்கள். பழைய மாதிரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, 'எதற்கு சார்?' என்றார் பரிசோதனைக்கூட ஊழியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எடுத்து வை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எதற்கு என்பதற்கு ஒரு முதியவரின் கதை பதில் சொல்லும். கேம்பிரிட்ஜில் வைரஸ் ஆய்வாளர் ரவீந்திர குப்தாவின் குழு 2021 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டது. எழுபதுகளில் இருந்தவர், நிணநீர்ப் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஆன்டிபாடி உண்டாக்கும் பி செல்களை இழந்தவர். 101 நாள் தொற்றோடு கிடந்தார். வெவ்வேறு நாள்களில் எடுத்த 23 மாதிரிகளின் மரபணுவைப் படித்தார்கள். ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை இரண்டு சுற்று கொடுத்தும் முதல் 57 நாள்களில் வைரஸ் பெரிதாக மாறவில்லை. பிறகு, குணமடைந்தோரின் ரத்தத்திலிருந்து எடுத்த, ஆன்டிபாடிகள் கொண்ட பிளாஸ்மாவை ஏற்றினார்கள். அப்போது வெளிப்புற முட்களான ஸ்பைக் புரதத்தில் டி796ஹெச் என்ற பிறழ்வும் (மரபணு மாற்றமும்), 69, 70 ஆம் இடங்களில் இரண்டு அமினோ அமிலங்கள் விடுபட்ட மாற்றமும் கொண்ட வைரஸ் தலைதூக்கியது. பிளாஸ்மாவின் வீரியம் குறைந்ததும் அது பின்வாங்கியது. மறுபடி ஏற்றியதும் திரும்பி வந்தது. அந்த மனிதர் பிழைக்கவில்லை.

டி796ஹெச் ஆன்டிபாடிக்குத் தப்ப உதவுகிறது. ஆனால் வைரஸின் தொற்றும் திறனைக் குறைக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டியது இரண்டாவது மாற்றம். ஒரே ஒரு நாளின் மாதிரியை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கணக்கு பிடிபட்டிருக்காது.

இது கொரோனாவோடு நிற்பதுமில்லை. ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்துக்கு அடங்காத வைரஸ் நோஞ்சான், பரவாது என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2007-08 குளிர்காலத்தில் பருவகால ஃப்ளூ வைரஸான ஹெச்1என்1, அந்த மருந்துக்கு அடங்காமலே பரவி, அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. முன்பே சத்தமில்லாமல் சேர்ந்திருந்த வேறு பிறழ்வுகள்தான் அதைத் தாங்கிப் பிடித்தன என்று ஆய்வாளர் ஜெஸ்ஸி புளூமும் சகாக்களும் 2010இல் காட்டினார்கள்.

உங்கள் கழகத்தின் மீது எனக்கு மதிப்பும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் பிளாஸ்மாவைச் சோதித்து, நோய் முற்றுவதையோ இறப்பையோ அது தடுக்கவில்லை என்று 2020 அக்டோபரிலேயே உலகுக்குச் சொன்னவர்கள் நீங்கள். அதைச் சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கியது 2021 மே மாதத்தில். இடைப்பட்ட ஏழு மாதங்களில், இரண்டாம் அலையின் உச்சத்தில், பிளாஸ்மா கேட்டு எத்தனை குடும்பங்கள் முகம் தெரியாதவர்களிடமெல்லாம் கெஞ்சின! மோல்நுபிராவிர் என்ற கொரோனா மருந்து விஷயத்தில் நீங்கள் விழிப்பாக இருந்தீர்கள். அவசரகால அனுமதி கிடைத்த சில நாள்களிலேயே, 2022 ஜனவரியில், நெறிமுறையில் சேர்க்க மறுத்தீர்கள். வைரஸின் மரபணுவில் பிழைகளைப் பெருக்கி அதை அழிக்கும் மருந்து அது. அதன் தடயத்தைத் தாங்கிய வைரஸ்கள் சில நாடுகளில் தென்பட்டதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் நெறிமுறையில் இல்லாத அந்த மருந்து இங்கே மருந்துக்கடைகளில் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் கோரிக்கை சிறியது. எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு மூன்று வாரம் தாண்டியும் கொரோனாவோ ஃப்ளூவோ நீடித்தால், மாதிரிகளைத் தேதியிட்டு உறைநிலையில் வைக்கச் சொல்லுங்கள். மருந்து மாற்றும்போதெல்லாம் மரபணுவைப் படியுங்கள். முடிவு தரவுத்தளத்தில் மட்டும் கிடந்தால் பயனில்லை. சிகிச்சை தரும் மருத்துவர் கைக்கு வர வேண்டும், மருந்தை மாற்ற நேரம் இருக்கும்போதே. ஒற்றை மருந்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை எச்.ஐ.வி. ஏற்கெனவே காட்டிவிட்டது. 1987இல் ஏஇசட்டி என்ற மருந்து தனியாக வந்தது, வைரஸ் அதை மீறியது. தொண்ணூறுகளின் நடுவில் கூட்டு மருந்துகள் வந்த பிறகே நோயாளிகள் நிமிர்ந்தார்கள். குப்தாவும் எச்.ஐ.வி. மருந்து எதிர்ப்பை ஆராய்ந்துவிட்டுத்தான் கொரோனாவுக்கு வந்தார். நீடித்த தொற்றுக்கு எந்த மருந்துகளைச் சேர்த்து, எத்தனை நாள் தருவது என்று தனி வழிகாட்டுதல் வெளியிடுங்கள்.

செலவைக் காரணம் காட்டாதீர்கள். நாங்கள் நாட்டில் சிறுபான்மை. ஆய்வகங்களோ 2020 டிசம்பரிலிருந்தே உங்கள் வசம் இருக்கின்றன.

இன்னொன்று. இதைச் செய்யும்போது எங்களைப் புதுப்புது வைரஸ் வகைகளை உண்டாக்கும் 'திரிபுத் தொழிற்சாலைகள்' என்று யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டிலும் வேலையிடத்திலும் ஏற்கெனவே பதில் சொல்லிக் களைத்தவர்கள் நாங்கள். எங்கள் சம்மதம் கேட்டு, பெயரை நீக்கி, மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் மறுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவன்