மலைக்காரங்களுக்கும் மின்சார கான்ட்ராக்ட் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஆடி மாசம் வந்தா எங்க கோத்தகிரி பக்கம் கற்பூர மரக்கிளை கரண்ட் லைன் மேல சாயுறது வழக்கம், அத வெட்ட கீழ இருந்து பெரிய கான்ட்ராக்டர் எடுக்குறாரு, ஆனா மழைல நனைஞ்சுகிட்டு அரிவாளோட மரத்துல ஏறுறது எங்க ஊர் பசங்கதான், தினக்கூலிக்கு. ஏன் அவங்களே டெண்டர் போடக்கூடாது? போட முடியாதுங்க, டர்ன்ஓவர் இவ்வளவு இருக்கணும், டெபாசிட் இவ்வளவு கட்டணும்னு கேட்டா கூலிக்காரன் எங்க போவான்?

மத்திய அரசு துறைக்கும் அதோட பொதுத்துறை கம்பெனிக்கும் 2012ல ஒரு ஆர்டர் இருக்கு, 2018ல அத திருத்தினபடி வாங்குறதுல 25 சதவீதம் சிறு குறு நிறுவனங்க கிட்ட வாங்கணும், அந்த 25லயே 4 எஸ்சி எஸ்டி, 3 பெண்கள் நடத்துறதுக்கு. டெண்டர் போடுறப்போ டெபாசிட்டும் கட்ட வேணாம். அமெரிக்காவுல கலிபோர்னியா 1988லயே மின்சார, கேஸ் கம்பெனிங்களுக்கு இந்த மாதிரி இலக்கு வெச்சு வருஷா வருஷம் கணக்கு காட்ட சொல்லிடுச்சு.

நம்ம மாநில மின்துறையிலயும் இத கட்டாயமாக்கணும். கிளை வெட்டுறது, வண்டி வாடகை, குழி தோண்டுறதெல்லாம் மாவட்டம் முழுக்க ஒரே டெண்டரா விடாம செக்‌ஷன் ஆபீஸ் வாரியா பிரிச்சு விடுங்க. கோத்தர், இருளர், குறும்பர்னு பழங்குடி பசங்களும் மகளிர் குழுக்களும் எடுப்பாங்க. முக்கியமா பில் பணம் 45 நாளுக்குள்ள வரணும், சிறு குறு நிறுவனங்களுக்கான சட்டமே அப்படித்தான் சொல்லுது, லேட்டானா சின்ன ஆளு வட்டிக்கு வாங்கியே அழிஞ்சிடுவான். யாருக்கு எவ்வளவு வேலை போச்சுன்னு வருஷா வருஷம் பேப்பர்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி