உண்ணிக் காய்ச்சல் செய்திக்கு நாயுண்ணிப் படமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'உண்ணிக் காய்ச்சல்' பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியோடு, நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியின் படமும் இடம்பெற்றிருந்தது. மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்று குறிப்பிடும் இந்தக் காய்ச்சலை நாயுண்ணியோ மாட்டுண்ணியோ பரப்புவதில்லை. நாயுண்ணியால் வரும் காய்ச்சல் வேறு, அதன் கிருமியும் வேறு. புதரிலும் உயர்ந்த புல்லிலும் வாழும் மைட் என்ற நுண்பூச்சியின் இளம்பருவமான, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் அளவே உள்ள லார்வா கடிப்பதால்தான் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா நம் உடலுக்குள் நுழைகிறது. வீட்டு நாய்க்கு மருந்து தெளித்துவிட்டோம் என்ற நிம்மதியில், விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் புதருக்குள் வெறுங்காலோடு போவோருக்கு அந்தப் படத்தால் என்ன பயன்?

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் நான் பணியாற்றிய காலத்தில், மழைக்காலம் தொடங்கிப் பனி முடியும்வரை, 'டெங்குவா?' என்ற கேள்வியோடு ரத்த மாதிரிகள் வந்துகொண்டே இருக்கும். டெங்குவைப் போலவே இந்தக் காய்ச்சலிலும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும் என்பதால் அந்தச் சந்தேகம் இயல்பானதே. ஆனால் டெங்கு இல்லை என்று முடிவு வந்த பிறகும், நோயாளியின் உடலில் கடிவாய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் விடப்பட்டவர்கள் உண்டு. சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்குடன் இருக்கும் அந்தப் புண் பெரும்பாலும் வலிப்பதுமில்லை, அரிப்பதுமில்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, இடுப்பில் துணி இறுகும் இடம் என மறைவான பகுதிகளிலேயே பெரும்பாலும் இருப்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. தெரிந்தாலும், குறிப்பாகப் பெண்கள், காட்டக் கூச்சப்படுகிறார்கள். எல்லோருக்கும் இந்தப் புண் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கண்டுபிடிக்கத் தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும் இந்நோய்க்கு, விலை மலிவான டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் நன்கு வேலை செய்கின்றன. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து ரத்தநாளம் வழியாகச் செலுத்துவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் அமாக்சிசிலினும் செஃபிக்சிமும் இங்கே உதவா. பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுப்பதே அவற்றின் வேலை. நம் ரத்தக்குழாய்ச் செல்களுக்குள் பதுங்கி வாழும் இந்தக் கிருமியிடம் அது செல்லுபடியாவதில்லை. கொல்லவேண்டிய கிருமியை விட்டுவிட்டு, குடலில் நமக்குத் துணையாக வாழும் பாக்டீரியாக்களை அம்மாத்திரைகள் அழிக்க, காய்ச்சலோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்கிறது.

அடுத்த முறை இச்செய்தியை வெளியிடும்போது, நாயுண்ணிக்குப் பதிலாக அந்தக் கரிய பொருக்கின் படத்தை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
திருவண்ணாமலை.