முடோம்போவும் கடைசி இடம் வந்த பெண்கள் அணியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டிகெம்பே முடோம்போ 2024 செப்டம்பர் 30ஆம் தேதி காலமான செய்தி, நம் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் கீழ்மூலையில் ஐந்தாறு வரியாக வந்திருந்தது. மூளைப் புற்றுநோய், வயது 58, உயரம் ஏழடி இரண்டு அங்குலம், எதிராளியின் பந்தைத் தடுத்துவிட்டு ஆள்காட்டி விரலை ஆட்டுவார். அவ்வளவுதான். கிரிக்கெட்டுக்கு முக்கால் பக்கம் போன பிறகு மிச்சத்தில் வேறென்ன எழுத முடியும்? கோத்தகிரிப் பக்கம் பெண் பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் பேஸ்கட்பால் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில், விட்டுப்போனதை நான் சொல்லிவிடுகிறேன்.

அவர் பந்து விளையாட அமெரிக்கா போனவரே இல்லை. காங்கோவின் கின்ஷாசாவில் பிறந்து, டாக்டராக வேண்டும் என்று 1987இல் உதவித்தொகை பெற்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். உயரத்தைப் பார்த்துவிட்டு ஆடுகளத்துக்கு அழைத்தவர் அங்கிருந்த பயிற்சியாளர் ஜான் தாம்சன். மருத்துவம் கைநழுவியது, மொழியியலும் ராஜதந்திரமும் படித்துப் பட்டம் வாங்கினார். ஒன்பது மொழி பேசுவாராம். 1991இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் டென்வர் அணி அவரை எடுத்துக்கொண்டது.

டென்வர் கடல் மட்டத்துக்கு ஒரு மைல் மேலே, 1,609 மீட்டரில் இருக்கிற ஊர். நம் கோத்தகிரி அதைவிடவும் உயரம். சமவெளி அணிகள் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, வளைவெல்லாம் சுற்றி வந்து, பாதி ஆட்டத்தில் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவதை இங்கே பார்த்தவர்களுக்கு டென்வரின் சாதகம் என்னவென்று புரியும். ஆனால் முடோம்போவின் பேர் சொல்லும் வெற்றி அந்த உயரத்தில் வந்ததில்லை. 1994இல், லீக் ஆட்டங்கள் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் முதல் சுற்றில் எட்டாம் இடத்து டென்வர், முதலிடத்து சியாட்டிலிடம் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்றுவிட்டு, அடுத்த மூன்றையும் ஜெயித்தது. கடைசி ஆட்டம் துறைமுக ஊரான சியாட்டிலிலேயே, கூடுதல் நேரத்தில். எட்டாமிடம் முதலிடத்தை வீழ்த்தியது என்பிஏவில் அதுவே முதல் முறை. அந்த ஐந்து ஆட்டங்களில் அவர் தடுத்த பந்துகள் 31. மணி அடித்ததும் தரையில் மல்லாந்து, பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சிரித்தாரே, அதைப் பழைய மாணவி ஒருத்தி செல்போனில் காட்டினாள். யாரும் ஒருமுறை பார்க்க வேண்டியது.

தடுப்பது என்றால் எம்பிக் குதிப்பது என்று நினைக்கிறார்கள். பந்து கையை விட்டுக் கிளம்பி மேலே ஏறும்போதே தட்ட வேண்டும். கூடையை நோக்கி இறங்க ஆரம்பித்தபின் தொட்டால் கோல் டெண்டிங், எதிராளிக்குப் பாயிண்ட். பந்தை விட்டு எதிராளியின் கையில் பட்டால் ஃபவுல். “பந்தைப் பாக்காதேடி, அவ இடுப்பைப் பாரு. கை ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தாது” என்று மூடுபனியில் கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை போனது. அப்படி 18 சீசன்களில் 3,289 தடவை தடுத்தவர் முடோம்போ. அவருக்கு முன்னால் இருப்பவர் ஒலாஜுவான் ஒருவர்தான். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது நான்கு முறை. விரலாட்டலைக் குற்றமென்று நிர்வாகம் சொன்னதும், எதிராளியை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து ஆட்டினார்! சாதுவென்றும் சொல்லிவிட முடியாது. அவர் முழங்கை பட்டு முகம் வீங்கியவர்கள் ஏராளம்.

இனி நான் சொல்ல வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு அவர் பிறந்த நாட்டுப் பெண்கள் கூடைப்பந்து அணி தகுதி பெற்றது. நாட்டின் பெயர் அப்போது ஜைர். அந்தப் பெண்களின் சீருடைக்கும் செலவுக்கும் பணம் கொடுத்தவர் முடோம்போ. போன அணி பன்னிரண்டில் பன்னிரண்டாவதாக வந்தது. பையன்களின் பழைய ஜெர்சியை இரவல் வாங்கி, தோளில் ஊக்கு குத்தி, பிள்ளைகளை மண்டலப் போட்டிக்குக் கூட்டிப்போனவள் நான். சட்டையின் நீளத்தில் பாதி நிக்கருக்குள் போய்விடும், நம்பரும் கூடவே போய்விடும். ஃபவுல் யார்மேல் என்று ரெஃப்ரி தேடுவார்; சில சமயம் வேறு பிள்ளையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆகவே எனக்கு அந்த 3,289ஐவிட இந்தச் சீருடைதான் பெரிது.

அவர் தாயார் பியாம்பா மேரி, கலவரக் காலத்து ஊரடங்கில் ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாமல் இறந்தார். 2009 நவம்பரில் மண் சரிந்து மலைப்பாதைகள் அடைபட்ட நாட்களில், கோவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்கள் பட்ட பாட்டைக் கண்ட நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மகன் சொந்தப் பணத்தில் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் போட்டு, மீதியைத் திரட்டி, கின்ஷாசாவில் தாயார் பெயரில் 300 படுக்கை ஆஸ்பத்திரி கட்டினார். 2007இல் திறந்தார்கள். டாக்டராகப் போனவர் ஆஸ்பத்திரியே கட்டிவிட்டார்.

கோடை சீசனில் இங்கே போட்டி நடத்தும் புரவலர்களுக்கு உங்கள் மூலம் ஒரு வேண்டுகோள். ஜெயித்த அணிக்கு ஆளுயரக் கோப்பை கொடுக்கிறீர்கள். அதைப் பஸ்ஸில் வைக்க இடமில்லாமல் பிள்ளைகள் மடியில் சுமந்து போகிறார்கள். கோப்பையைக் கொஞ்சம் குட்டையாக்கி, மிச்சத்தில் கடைசி இடம் வரும் பெண்கள் அணிக்கு ஒரு செட் ஜெர்சி எடுத்துக் கொடுங்கள். ஸ்மால், மீடியம் போதும். எக்ஸ்எல் தயவுசெய்து வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.