பாப்பா பிறந்த வருஷத்து ஒயின்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் பேச்சை மாற்றிவிட்டேன். "பாப்பா பிறந்தது 2020, அந்த வருஷத்து ஒயின் பெட்டியை எடுத்து வச்சிருக்கீங்கதானே அம்மா?" என்று கேட்டாய். உனக்கும் தம்பிக்கும் பிறந்த வருஷத்துப் பெட்டி இருக்கிறது, உங்கப்பாவுக்குத் தாத்தா வைத்ததும் இருந்தது, அதனால் நீ கேட்டது நியாயம்தான். ஆனால் 2020 ஒரு பாட்டில்கூட இல்லை. அப்போது நீ வயிற்றில் பிள்ளையோடு எடின்பரோவில் இருந்தாய், அதனால் "தீயில் திராட்சைத் தோட்டம் ஓரமாகக் கொஞ்சம் கருகிவிட்டது, சரியாகிவிடும்" என்று மட்டும் சொன்னோம். அது உண்மை இல்லை. இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

2019 டிசம்பர் 20. அதற்கு முந்தின நாள் அடிலெய்டில் ஆஸ்திரேலியக் கோடை வெயில் 45 டிகிரியைத் தாண்டியிருந்தது. கட்லி க்ரீக்கில் மின்கம்பியில் மரம் விழுந்து பிடித்த தீ, காற்று தள்ளத் தள்ள லென்ஸ்வுட், லோபெத்தல், உட்சைட் என்று மலை முழுக்கப் பரவி, சுமார் 23,000 ஹெக்டேரைத் தின்றது. 80க்கும் மேற்பட்ட வீடுகள், ஓர் உயிர். உங்கப்பா நம் ஒயின் ஆலைக் கூரை மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்க, நான் நாயை வண்டியில் ஏற்றிவிட்டு "இறங்குங்க, இறங்குங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஆலையும் பீப்பாய்க் கொட்டகையும் தப்பின. ஓடைப் பக்கம் தாத்தா நட்ட பினோ நுவார், அந்தச் சிவப்பு ஒயின் திராட்சைக் கொடிகள், தப்பவில்லை.

பச்சைக் கொடி தீயைத் தடுக்கும் என்பார்கள், பல தோட்டங்களில் தடுத்தும் இருக்கிறது. ஓடைப் பக்கம் மட்டும் வரிசைகளுக்கு நடுவே புல் காய்ந்து கிடந்தது. வெட்டலாம், வெட்டலாம் என்று தள்ளிப்போட்டது நான். அந்தப் புல் வழியாகத்தான் தீ உள்ளே வந்தது. இதை உங்கப்பா ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

கொடிகளைத் தாங்கி நின்று எரிந்துபோன கம்பங்களை அள்ளுவதுதான் முதல் வேலையாக இருந்தது. கரையான் பிடிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பைன் கம்பங்கள் அவை, எரிந்தால் சாம்பலில் ஆர்செனிக் இருக்கும், அதனால் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, யாரென்றே தெரியாத ஆட்களெல்லாம் வந்து எங்களோடு அள்ளினார்கள். அவர்களில் பாதிப் பேரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. கட்டடத்துக்குக் காப்பீடு இருந்தது, கொடிகளுக்கு இல்லை.

மேட்டில் இருந்த வெள்ளை ஒயின் திராட்சை, ஷார்டொனே, எரியவில்லையே, அதில் ஒயின் செய்திருக்கலாமே என்று நீ கேட்பாய். நாங்களும் அந்த நம்பிக்கையில்தான் இருந்தோம். புகையில் உள்ள சில பொருட்கள் பழத்துக்குள் போய்ச் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும், பழத்தைத் தின்றால் ஒன்றும் தெரியாது, நொதிக்கும்போதும் அப்புறம் வாயில் எச்சில் பட்டதும்தான் பிரிந்து வெளியே வரும். அதனால் அறுவடைக்கு முன்பே ஒரு வாளிப் பழத்தைப் பறித்து நொதிக்கவைத்துப் பார்த்தோம். குடித்தவுடன் நன்றாகத்தான் இருந்தது. விழுங்கின பிறகு, அணைந்த அடுப்புச் சாம்பலை நாக்கில் வைத்த மாதிரி ஒரு கசப்பு, போகவே மாட்டேன் என்றது. உங்கப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்த வருஷம் ஒரு கொத்துகூட ஆலைக்குள் வரவில்லை.

2020 மார்ச்சில்தான் கொரோனாவுக்காக நாட்டு எல்லையை மூடினார்கள், நீ போட்ட டிக்கெட்டும் போனது. நீ வராததை நாங்கள் ஒரு நாளும் குறையாக நினைக்கவில்லை. அதைப் பற்றி இன்னொரு முறை மன்னிப்புக் கேட்காதே.

ஓடைக் கொடிகளைக் கத்தியால் கீறிக் கீறிப் பார்த்தோம். மேலே பட்டைக்கு அடியில் எல்லாம் பழுப்பு, தரையை ஒட்டி மட்டும் சிலவற்றில் பச்சை. வேர் தின்னும் பிலாக்சரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்னும் வரவில்லை, அதனால் தாத்தா ஒட்டுக் கட்டாமல் பினோவை அதன் சொந்த வேரிலேயே நட்டிருந்தார். ஒட்டுச் செடியாக இருந்தால் அடியிலிருந்து வேறு ஏதோ காட்டுக்கொடிதான் முளைத்திருக்கும். நமக்கு அடியில் முளைப்பதும் பினோதான். அதை நம்பி, குளிர்காலத்தில் கவாத்துக் கத்தரியை வைத்துவிட்டுச் சங்கிலி ரம்பத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் முழங்காலுக்குக் கீழே அறுத்தோம். தாத்தா வளர்த்த தண்டு அது. உங்கப்பா அறுத்தார், நான் பின்னாலேயே இழுத்துக் குவித்தேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அக்டோபரில் தளிர் வந்தது. எல்லாவற்றிலும் இல்லை, பத்தில் ஆறு என்று வைத்துக்கொள். வேலி எரிந்துவிட்டதால் கங்காருக்கள் நேராக உள்ளே வந்து மேய்ந்தன. ஒவ்வொரு தளிருக்கும் உறை மாட்டி, நல்லதாக ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளி, புதுக் கம்பியில் கட்டிக் கட்டியே இரண்டு வருஷம் போனது.

இந்த வருஷம், 2023, குளிர்ந்த கோடை, தாமதமாகத்தான் பழுத்தது. மூன்று வாரம் முன்பு ஓடைப் பினோவைப் பறித்தோம். இரண்டே பீப்பாய்தான் வரும். நேற்று உங்கப்பா தொட்டியிலிருந்து எடுத்துக் குடித்துவிட்டு ரொம்ப நேரம் நின்றார், அந்தக் கசப்பு வருமோ என்று பார்த்திருப்பார். வரவில்லை.

அதில் ஒரு பெட்டி பாப்பாவுக்கு. பிறந்த வருஷம் இல்லைதான், அவளுக்கு மூன்று வயசாகிவிட்டது, ஆனாலும் அதைத்தான் வைக்கப்போகிறேன். டிசம்பரில் வருகிறீர்கள் என்றால் அவள் கால் அளவை எழுது, ஓடைப் பக்கம் சேறாக இருக்கும், சின்ன பூட்ஸ் ஒன்று வாங்கி வைக்கிறேன்.

அம்மா