நாகர்களைப் பாம்பாக வரைய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் மாணவர் பகுதியில் வந்த ஆதிரை கதையை, நான்காம் ஆண்டு படிக்கும் என் மகளோடு சேர்ந்து படித்தேன். காப்பியக் கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருவதற்கு முதலில் நன்றி. ஆனால் கப்பல் உடைந்து ஆதிரையின் கணவன் சாதுவன் கரையேறும் இடத்தை, கொடிய அரக்கர்கள் பிடித்தார்கள், அறிவுரை சொல்லித் தப்பினான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பக்கத்தில் பாம்புத் தலையோடு மனிதர்களை வேறு வரைந்திருந்தார்கள். "ஏம்ப்பா அவனைத் தின்னாம விட்டாங்க?" என்று மகள் கேட்டாள். கதையில் அதற்குப் பதில் இல்லை. மூலக் காப்பியமான மணிமேகலையில் இருக்கிறது.

நீங்கள் அரக்கர்கள் என்று எழுதியவர்கள் அதில் நாகர்கள். சீத்தலைச் சாத்தனார் காட்டும் அந்த நாகர்கள் மலையில் வாழ்கிற, உடை உடுத்தாத மனிதர்கள். உடைந்த மரத்தைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்த சாதுவன், ஒரு மர நிழலில் அசந்து தூங்குகிறான். தனியாக வந்த ஒருவன், நமக்கு நல்ல உணவு என்று நாகர்கள் அவனைத் தட்டி எழுப்புகிறார்கள். அவனோ அவர்கள் மொழியிலேயே பேசுகிறான்! வணிகன் அல்லவா, கற்று வைத்திருக்கிறான். உடனே அவர்கள் விலகி நின்று, கும்பிட்டு, எங்கள் தலைவனை வந்து பார் என்று அழைத்துப் போகிறார்கள்.

தலைவன் இருக்கும் இடத்தைப் புலவர் கண்முன் கொண்டுவருகிறார். கள் காய்ச்சும் பானை, முடை நாற்றம், உலர்ந்து கிடக்கும் வெள்ளெலும்புகள். அதற்கு நடுவில் ஆண் கரடி தன் பெண் கரடியோடு இருப்பதுபோல அவன் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறான். பார்க்கப் பயங்கரம். ஆனால் சாதுவனின் கதையைக் கேட்டதும் அவன் வாயிலிருந்து வருவது இரக்கம்தான். சாப்பாடில்லாமல் கடலில் வருந்தி வந்தவன், பாவம், கள்ளும் இறைச்சியும் வேண்டிய மட்டும் கொடுங்கள் என்கிறான். ஒரு பெண்ணையும் கொடுக்கச் சொல்கிறான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம், சரி.

சாதுவன் மறுக்கிறான். தலைவனுக்குக் கோபம் வருகிறது. இதெல்லாம் இல்லையென்றால் உலகத்தில் மனிதனுக்கு என்னதான் பயன், இருந்தால் காட்டு என்கிறான். உயிர் ஓர் உடம்பை விட்டு இன்னோர் உடம்புக்குப் போகும் என்று சாதுவன் சொன்னதும் சிரித்துவிட்டு, அது எப்படிப் போகும் என்று கேட்கிறான். இப்படி மடக்கிக் கேட்பவனை அரக்கன் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த இடம். விளக்கம் கேட்டுக் காலில் விழுந்த பிறகும் அவன் பொய்யாகத் தலையாட்டவில்லை. கள்ளையும் இறைச்சியையும் விட்டால் என்னால் உயிர் வாழ முடியாது, எங்களால் முடிந்த அறத்தைச் சொல் என்கிறான். சாதுவனும் இறங்கி வருகிறான். கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாமல் காப்பாற்றுங்கள், மூப்பால் தானாகச் செத்த விலங்கை மட்டும் தின்னுங்கள், வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதீர்கள் என்கிறான். தலைவன் ஒப்புக்கொண்டு, முன்பு தாங்கள் தின்றவர்களின் பொருள் இவை என்று மறைக்காமல் சொல்லியே வாசனை மரம், மெல்லிய துணி, செல்வக் குவியல் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கிறான். அப்புறம்தான் சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் சாதுவன் ஊர் திரும்புகிறான்.

நாகர்கள் எல்லாருமே இப்படி இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இதே காப்பியத்தில் மணிபல்லவத் தீவில் ஓர் ஆசனத்துக்காக இரண்டு நாக அரசர்கள் போர் புரிகிறார்கள். நாகநாட்டு இளவரசி பீலிவளை சோழ மன்னனுக்குப் பிள்ளை பெறுகிறாள். அந்தப் பிள்ளை கடலில் தொலைந்த துயரத்தில் மன்னன் இந்திர விழாவை மறந்ததால்தான் புகாரையே கடல் கொண்டது.

நாங்கள் இருப்பது பட்டர்வொர்த்தில். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே கெடா மாநிலத்தின் ஜெராய் மலை தெரியும். கெடாவின் முதல் அரசன் என்று பழங்கதை சொல்லும் மெரோங் மகாவங்சா கப்பல்களை இழந்து அந்தக் கெடாக் கரையில் ஏறியபோது, அங்கே கெர்காசி என்ற இராட்சத இனம் வாழ்ந்ததாகப் பழைய மலாய் ஏடு சொல்கிறது. அவனும் கரையேறியவன்தான், அவனுக்கும் முன்பின் அறியாத இனத்தார்தான் எதிர்ப்பட்டார்கள். இந்த நாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆகவே சாதுவனும் நாகர் தலைவனும் பேசும் அந்தப் பகுதியை மட்டும் தனியாக, உரையாடலாக, ஒரு முழுப் பக்கத்தில் வெளியிடுங்கள். வரைகிறவரிடம் கள் பானையையும் எலும்புக் குவியலையும் தாராளமாக வரையச் சொல்லுங்கள், பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். தலைவனுக்கு மட்டும் மனித முகம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பட்டர்வொர்த், பினாங்கு