அண்ணனுக்கு: சீர் இப்போது வேண்டாம்

அண்ணா,

நீ கோபமாகப் போனை வைத்த பிறகும் யோசித்துப் பார்த்தேன். முடிவு மாறவில்லை. என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா கிடையாது. அவள் பிறந்ததிலிருந்தே தாய்மாமன் சீருக்காக நீ பணம் சேர்த்து வருவது தெரியும். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை, மன்னித்துக்கொள். ஆனால் மண்டபம் பார்ப்பதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எனக்குக் குடிசை கட்டிய நாள்களை நினைத்துப் பார். கொல்லையில் பச்சைத் தென்னோலை, தனித் தட்டு, தனி டம்ளர், குறுக்கே கிடத்திய உலக்கை. ஆண்பிள்ளை எட்டிப் பார்க்கக் கூடாது என்றார்கள். நீ ஓலையை விலக்கி ஒரு கணக்கு நோட்டை நீட்டினாய். என் தோழியிடம் வாங்கி, விடுபட்ட பாடத்தையெல்லாம் உன் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தாய். எனக்குப் பரீட்சை வருகிறது என்பது அந்த வீட்டில் உனக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அதற்காக உன்னை அடித்தது யார் என்று இங்கே எழுதமாட்டேன்; சொந்தக்காரர்களும் படிப்பார்கள்.

அந்த நீயா இன்று "ஊர் என்ன பேசும்" என்கிறாய்? உனக்கு மீசை அரும்பியபோது யாராவது பத்திரிகை அடித்தார்களா, ஒலிபெருக்கி கட்டினார்களா? என் உடம்புதான் ஊருக்குச் செய்தியானது.

கொண்டாட்டமே கூடாது என்பதில்லை. யூதர்கள் 13 வயதுப் பையனைச் சபை நடுவே வேதம் வாசிக்க வைக்கிறார்கள். 1922இல் நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற 12 வயதுச் சிறுமியும் அப்படி வாசித்தாள். அமெரிக்காவில் பெண்பிள்ளைகளுக்கு அந்த வழி திறந்தது. ஜப்பானில் ஜனவரி மாத இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டி, வளர்ந்து பெரியவர்களானதைக் கொண்டாட ஆணும் பெண்ணும் ஒரே அரங்கில் கூடுகிறார்கள். அங்கே வயதுதான் கணக்கு, உடம்பு அல்ல.

நம் பிள்ளைகள் இருவரும் 18 வயதைத் தொடட்டும். ஒரே நாளில் இருவரையும் உட்கார வைப்போம். நீ என் மகளுக்குச் சீர் கொண்டு வா. அத்தை நான் உன் மகனுக்குக் கொண்டு வருகிறேன். முறைப்பெண், முறைப்பையன் என்ற பேச்சை மட்டும் அன்று யாரும் எடுக்கக் கூடாது, நீ உட்பட.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடு. அண்ணியிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

உன் தங்கை